மாடி அறைக்குப் பிந்திப் போன தாலி

கேமராவுக்குப் பின்னால் ஆள் கிடையாது. இன்றைய கல்யாணங்களின் அழகே அதுதான் என்று சொல்லித்தான் நான் பிழைக்கிறேன். மண்டபத்தின் எதிர்ச்சுவரில், மின்விசிறிக்கும் தோரணத்துக்கும் நடுவே, உரித்த தேங்காய் அளவில் அது குந்தியிருக்கும். நான் ஒரு மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பேன். திரையில் ஒரு வட்டம். வட்டத்தின் நடுவில் மவுஸை அழுத்தி எந்தப் பக்கம் இழுக்கிறேனோ அந்தப் பக்கம் அது கழுத்தைத் திருப்பும். கொஞ்சம் இழுத்தால் தூக்கக் கலக்கத்தில் புரள்வதுபோல. நிறைய இழுத்தால் யாரோ அதட்டியதுபோல வெடுக்கென்று. சக்கரத்தை உருட்டினால் மூக்குத்திக் கல்வரை போகலாம். என் வீடியோ கடை கடலூரில். முகூர்த்த நாளில் பண்ருட்டியோ ஸ்ரீமுஷ்ணமோ, எங்கே இழுக்கிறதோ அங்கே.

அக்கா மகளின் கல்யாணம் சிதம்பரத்தில் நடந்தது. அத்தான் இறந்தபோது அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஊரார் ஜாக்கெட்டை எல்லாம் தைத்து அக்கா அவளை ஆளாக்கினாள். மாப்பிள்ளை பார்த்தது அக்கா, மண்டபம் பேசியது அக்கா, கூரைப்புடவைக்குக் கடை கடையாக ஏறி இறங்கியது அக்கா. மேடையில் தாரை வார்க்க மட்டும் அத்தானின் தம்பியும் அவர் மனைவியும். அதை அக்கா கேள்வி கேட்கவே இல்லை. தாலி ஏறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு.

"நான் தூணோரமா நின்னுக்கறேன் தம்பி. யாருக்கும் தெரியாது."

அந்தத் தூணையும் பிடுங்கிக்கொள்ள ஒரு நல்ல மனிதர் வந்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா. வெற்றிலைச் சிரிப்பு, கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிற ஜாதி.

"சம்மந்தி, அம்மா எதுக்கு அந்தக் கூட்டத்துல கால் கடுக்க நிக்கணும்? மேல ஏசி ரூம் இருக்கு, பெரிய டிவி இருக்கு. நீங்கதான் நெட்டுல வுடுறீங்களே, அதையே அங்க போட்டுட்டா ராணி மாதிரி உக்காந்து பாப்பாங்க."

"பெத்தவங்க கீழேயே இருக்கட்டுங்க" என்றேன்.

"நான் என்ன வேணாம்னா சொல்றேன்? வசதி பண்ணித் தரேன்."

வசதி என்ற சொல்லோடு யாரும் சண்டை போட முடியாது. நேற்றுவரை ஒரு தாயைப் பார்த்து, நீ தாலியறுத்தவள், கண்ணில் படாதே என்று சொல்ல யாராவது ஒருவர் வாய் திறக்க வேண்டியிருந்தது. சொன்னவருக்கு அன்று சோறு கொஞ்சமாவது கசந்திருக்கும். இப்போது அதுவும் வேண்டாம். என் கேமரா இருக்கிறது.

அக்காவிடம் சீறினேன். அவள் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "வுடு தம்பி. நான் கீழ நின்னு, நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒரு தலவலின்னாக்கூட என்னையத்தான் சொல்லுவாங்க. அவுங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிக்குவேன். நீ ஒழுங்கா காட்டு, போதும்."

மாடி அறை டிவிக்குப் படம் இணையத்தின் வழியாகப் போனது. கீழே நடப்பது எங்கெங்கோ ஊர் சுற்றிவிட்டு மாடிக்குப் போய்ச் சேரும். கொஞ்சம் லேட்டாத்தான் வரும் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். காதில் போனை மாட்டிக்கொண்டேன். மறுமுனையில் அக்கா.

"எடப்பக்கம் போ. இன்னும். அந்த மஞ்சப் பொடவைய தாண்டு... ஐயோ, தாண்டிட்ட, திரும்பு."

அவள் பார்ப்பது நடந்து முடிந்ததை. அவள் நிறுத்தச் சொல்வதற்குள் கேமரா எங்கோ போயிருக்கும். போகப் போக, அவள் சொல்வதற்கு முன்பே நிறுத்தக் கற்றுக்கொண்டேன். மவுஸ் என் கையில் இருந்தது, இழுத்தது அவள்.

"கிட்டப் போ. அழுவுறாளா?"

"ஓமப் பொகைக்கா."

"நீ சொல்லுவ. காலையில சாப்ட்டாளான்னு யாராச்சும் கேட்டீங்களா?"

தோளில் ஒரு கை விழுந்தது. பெரியப்பா. "முன் வரிசையில நம்ம பெரிய மனுசங்கல்லாம் வந்துருக்காங்க. அவுங்க பக்கம் ஒரு ரவுண்டு வுடுங்க சம்மந்தி." விட்டேன். மீசைகள், தங்கக் கடிகாரங்கள், கொட்டாவி ஒன்று.

"இந்த மீசைக்கா தாலி கட்டுறாங்க?" என்றாள் அக்கா. சிரித்துவிட்டேன். அன்று நாங்கள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

மேடையிலிருந்து குரல் வந்தது. "மாமன் எங்க? பட்டம் கட்ட மாமன் வரட்டும்."

எங்கள் வீடுகளில் தாலிக்கு முன்னால் தாய்மாமன்தான் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். தெரிந்ததுதான். கட்டிவிட்டு இறங்கி வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். பெண்ணின் கழுத்து நடுவில் வரும்படி கேமராவை நிறுத்திவிட்டு, "அசையாம வெச்சிருக்கேன்க்கா, பாத்துக்கிட்டே இரு" என்று சொல்லி மவுஸை விட்டு, காதில் போனோடு மேடை ஏறினேன்.

நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஐயர் பறந்தார். பட்டத்தைக் கட்டினேன். திரும்பினால் வழியில்லை. அட்சதையை மடக்கிய கைகளோடு மாப்பிள்ளை வீடு முழுக்க மேடைக்கு ஏறிவிட்டது. பெண்ணுக்கு முன்னால், கேமராவுக்கு முதுகைக் காட்டியபடி, செருகிய மாதிரி நின்றேன். கெட்டிமேளம் வெடித்தது.

மாடிக்குப் படம் போகுமுன் மேளம் தரை வழியாகப் போயிருந்தது.

"தம்பி, ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சுக்கா."

"இங்க இன்னும் ஏறல."

பிறகு அவள் குரல் மாறியது. "யாரோ வெள்ளச் சட்ட முன்னாடி நிக்குறாங்க. ஒண்ணுந் தெர்ல. தள்ளச் சொல்லு. சீக்கிரம் சொல்லு தம்பி."

நான் அப்படியே உட்கார்ந்தேன், கால்களுக்கு நடுவே. தலைமேல் அட்சதை விழுந்துகொண்டிருந்தது.

"இன்னும் நிக்குறாங்களே. நிக்குறாங்களே."

கீழே உட்கார்ந்துவிட்டேன். மாடி டிவியில் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். அங்கே நிற்கிறவனை உட்கார வைக்க என்னால் ஆகவில்லை.

"யாருன்னு பாரு தம்பி."

"நான்தான்க்கா."

மேளம் தணிந்து நாதஸ்வரம் இழுத்தது.

"நீயா" என்றாள். "நீ நிக்கலாம். நீ மாமன்."

போன் அறுந்தது.

பந்தியின்போது அக்கா கீழே வந்தாள். மகள் காலில் விழுந்தாள். அவளைத் தூக்கி நிறுத்தி, கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றை ஒரு பார்வை பார்த்தாள், தொடவில்லை. பெரியப்பா வெற்றிலைத் தட்டோடு வந்தார். "எப்படி அம்மா? கீழ நின்னிருந்தா இவ்ளோ கிளியரா பாத்துருக்க முடியுமா?"

"முடியாதுங்க" என்றாள் அக்கா.

மேடையிலேயே நின்ற போட்டோக்காரர் எடுத்த தாலிப் படம் ஆல்பத்தில் நெருக்கத்தில் இருக்கிறது, எல்லோர் வீட்டு ஆல்பத்திலும் இருப்பதுபோல. அந்தப் பக்கம் வந்தால் அக்கா அடுத்த பக்கத்தோடு சேர்த்துப் புரட்டிவிடுகிறாள்.

பேச்சு பரவிவிட்டது. போன மாதம் கடைக்கு ஒரு போன். தங்கை கல்யாணமாம், அப்பா இல்லாத வீடு, அண்ணன்காரன் பேசினான். "உங்க வீட்டு விசேஷத்துல அம்மாவுக்குத் தனி ரூமு, தனி டிவி போட்டீங்களாமே. எங்க அம்மாவுக்கும் அதே மாதிரி செஞ்சு குடுங்க சார்."

"டிவி வேணாம். அம்மாவ மேடையில பொண்ணுக்குப் பக்கத்துல நிக்க வைங்க. கேமராவ நான் ஓசியிலயே போடுறேன்."

பின்னால் ஒரு பெண் குரல், வயதான குரல், என்னவாம் என்று கேட்டது.

"வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன் சார்" என்றான். சொல்லவில்லை. அந்த முகூர்த்தத்துக்கு வேறு கடைக்காரர் போனதாகக் கேள்வி.