சின்ன வண்டி கேட்டு ஒரு மனு

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பத்தாவதைப் பாதியில் விட்டவன் எழுத உட்கார்ந்தால் பேனாவே சிரிக்கும். வார்டு மெம்பர் அக்கா விடவில்லை. எங்கள் ஊருக்குச் சின்னதாக ஒரு தீயணைப்பு வண்டி வாங்கித் தரச் சொல்லிப் பக்கத்துக் கம்பெனிக்கு மனு கொடுக்க வேண்டும். எதற்கு வண்டி என்று ஒரு பக்கத்துக்குக் காரணம் கேட்டிருந்தார்கள்.

"எரிஞ்சது உன் ரூமு. நீயே எழுது."

"செவப்பு கலரு, பெரிய பெல்லு வச்சி குடுங்கன்னு எழுதட்டாக்கா?"

"நக்கலு பண்ணாத. ஒழுங்கா எழுதிக்கினு வா."

வல்லம் வடகால் பக்கம், ஃபேக்டரிகளுக்கு நடுவில் எங்கள் ஊர். வயல் இருந்த இடமெல்லாம் ஷீட் போட்ட வாடகை ரூம்கள். எங்கள் ரூமில் நானும் தெற்கத்திக்காரன் ஒருத்தனும். எனக்குப் பகல் ஷிப்ட், அவனுக்கு நைட் ஷிப்ட். இரண்டு பேருக்கும் ஒரே பாய். எந்த ரூமில் யார் இருக்கிறார் என்பது வாசலைப் பார்த்தால்தான் தெரியும். செருப்பு கிடந்தால் ஆள் தூங்குகிறான், சத்தம் போடக் கூடாது. இல்லையென்றால் ரூம் காலி.

ஒருநாள் காலையில் அவன் வந்து படுத்ததும், அவன் செருப்பை என் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். வெறுங்காலோடு டீக்கடைக்குப் போகட்டும் என்று. லைனில் நின்றபடி அதை நினைத்து இரண்டு முறை சிரித்தேன்.

அன்று மத்தியானம் மீட்டர் பாக்ஸில் பொறி கிளம்பி, கம்பெனி கழித்துப்போட்டு, அடுப்பெரிக்க அடுக்கியிருந்த பேலட் கட்டைகள் பற்றிக்கொண்டன. ஊரார் குடம் குடமாக ஊற்றினார்கள். எங்கள் கதவை மட்டும் யாரும் தட்டவில்லை. தீயணைப்பு வண்டி கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டி, வந்த பிறகும் சந்துக்குள் நுழைய முடியாமல் நின்றது. அதிலிருந்தவர்கள் குழாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். வந்ததும் கதவை உடைத்தார்கள்.

சாயந்திரம் ஆஸ்பத்திரியில் ஹவுஸ் ஓனர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "வாசல்ல செருப்பு இல்லப்பா. ஆளு வெளிய பூட்டான்னு நெனச்சிக்கினோம்."

செருப்பு என் தோளில் தொங்கிய பையில் இருந்தது. பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டேன்.

பிழைத்துவிட்டான். புகை பட்ட நெஞ்சு இனி ஃபேக்டரிக்கு ஆகாது என்று அவனை ஊருக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். இப்போது புது ரூமில் பாய் முழுவதும் எனக்குத்தான். ஆனாலும் பழக்கத்தில் ஓரமாகவே படுக்கிறேன். யாரையாவது கலாய்க்கலாம் என்றால் பக்கத்து ரூம்களில் எல்லாம் இந்திப் பையன்கள். என் ஜோக்குக்கு நானே சிரித்துக்கொள்கிறேன். வாரம் ஒரு முறை அவன் போன் பண்ணுவான். உண்மையைச் சொன்னால் அதுவும் நின்றுவிடும் என்று பயந்து கிடந்தேன்.

மனுவில் முதலில் தூரம், லாரி நெரிசல், சந்து என்று எழுதினேன். எல்லாம் உண்மைதான். ஆனால் திருட்டுத்தனமாக எழுதின மாதிரி இருந்தது. கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

"நாங்கள் வாசலைப் பார்த்து, உள்ளே ஆள் இல்லை என்று விட்டுவிட்டோம். வண்டியோடு வந்தவர்கள் கதவை உடைத்துப் பார்த்தார்கள். அவர்கள் ரோட்டில் மாட்டியிருந்த நேரமெல்லாம் உள்ளே ஒருத்தன் புகை குடித்தான். சந்துக்குள் நுழைகிற வண்டியும், வேலை தெரிந்த நாலு பேரும் ஊரிலேயே வேண்டும். செருப்பை ஒளித்தவன் நான்தான்."

அக்கா படித்துவிட்டு என்னையே பார்த்தார்.

"அந்தக் கடைசி வரி இல்லாமலே வண்டி கேக்கலாமேடா."

"இருக்கட்டும்க்கா."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப மொதல்ல அவனுக்கு அனுப்பு."

போட்டோ எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்று காட்டியது. வார லீவு நாள் முழுக்க போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொழுது சாயும்போது ஒரு வரி வந்தது.

"அன்னைக்கே தெரியும்லே எனக்கு, வண்டி வந்தா சொல்லு."