கன்னி மூலை ஓட்டை

ராஜபாளையத்தில் எங்கள் பரோட்டாக் கடையின் அடுப்படியில் ஒரு எக்சாஸ்ட் ஃபேன் இருந்தது. வாஸ்து பார்க்கிறவர் ஒருவர் வந்து, அது கன்னி மூலையில் இருக்கிறது, அங்கே ஓட்டை ஆகாது என்றாராம். என் வீட்டுக்காரர் மறுநாளே ஃபேனைக் கழற்றிவிட்டுச் செங்கல் வைத்துப் பூசிவிட்டார். அன்றிலிருந்து சால்னாப் புகைக்குப் போக வழியில்லை, இவர் இருமலுக்கு ஓய்வில்லை.

"இந்தக் காத்துலயே நின்னா நுரையீரல் போயிரும்" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். இவர் நன்றாகத் தலையை ஆட்டினார். சாயங்காலம் பார்த்தால் அதே கல்லுக்கு முன்னால் நின்று பரோட்டா புரட்டிக்கொண்டிருக்கிறார். நான் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் எனக்கு வேலை. கிருமி வளர்க்கிற தட்டுகளில், கடல்பாசியிலிருந்து எடுக்கிற அகரை ஊற்றி உறைய வைப்பதுதான் என் பிழைப்பு. புகை இவர் கண்ணுக்குப் பழகிவிட்டது, காற்றில் மிதக்கிற கிருமியையாவது காட்டுவோம் என்று ஒரு தட்டைக் கேட்டு வாங்கிவந்து, அடுப்படி அலமாரியில் திறந்து வைத்தேன். கொஞ்ச நேரம் காற்றுப் பட்டால் போதும். அதில் விழுகிற கிருமி இரண்டு நாளில் புள்ளி புள்ளியாக வளர்ந்து நிற்கும்.

ஒன்றுமே வளரவில்லை. தட்டு பளிச்சென்று இருந்தது. சந்தேகப்பட்டுக் கடை மாஸ்டரை விசாரித்தேன்.

"கடல்பாசி ஒறையப் போட்டிருக்கீகன்னு நெனச்சேன்க்கா. தெறந்து கெடந்துச்சு. ஈ மொய்க்குமேன்னு நீங்க அங்கிட்டுப் போனதும் மூடிட்டேன்."

நல்ல மனசு. அதற்கு என்ன சொல்லித் திட்டுவது? அதற்குள் இவர் கல்லாவில் உட்கார்ந்து, தளவாய்புரத்திலிருந்து வந்து சாப்பிடுகிற வியாபாரிகள்வரை எல்லாரிடமும், "லேப்லயே பாத்தாச்சுல்லா, நம்ம கடைக் காத்துல ஒரு கிருமி கெடையாது" என்று அளந்துகொண்டிருந்தார், நடுநடுவே இருமிக்கொண்டே. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

அடுத்த முறை தட்டுக்குப் பக்கத்திலேயே காவல் நின்றேன். மிளகாய் நெடியில் கண்ணும் மூக்கும் ஊற்றியது. இந்தத் தடவை தட்டு முழுக்க வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள், ஓரத்தில் கறுப்பாகப் பூஞ்சை. மூடியைத் திறக்காமல் கொண்டுபோய் இவர் முகத்துக்கு முன்னால் நீட்டினேன்.

பார்த்தார். "ஃப்ரிட்ஜ்ல வைக்காமக் கெட்டுப்போச்சு போல" என்றார்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "எவனோ சொன்னா ஒடனே செங்கல் வைப்பீக. டாக்டர் சொன்னா ஏறாது, கட்டுனவ சொன்னா ஏறாது. அந்தக் கடப்பாரையக் குடுங்க, நானே ஒடைக்கேன்" என்று சுவரைப் பார்த்து நடந்தேன். ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்ட்டி. கன்னி மூலையில ஓட்டை இருந்தா வீட்டுப் பொம்பளைக்கு ஆகாதுன்னுட்டாரு. அப்பத்தான் நீ ஆப்பரேசன் முடிஞ்சு படுத்துக் கெடந்த." இருமல் வந்து பேச்சை அறுத்தது. அது அடங்கும்வரை என் கையை விடவில்லை. "ஒனக்கு ஒண்ணுன்னா நான் என்ன செய்வேன்?"

அழுகைதான் முதலில் வந்தது. கோபம் அதன் பின்னாலேயே வந்துவிட்டது.

"இதத்தானே நானும் இம்புட்டு நாளாக் கேக்கேன்!" என்று கத்தினேன்.