மழைதான் என்று சொன்ன வாய்

மார்க்கம் நகரில் நான் வேலை செய்யும் கந்தோர், குளிர்காலத்தில் ஐஸை உருக்க வீதிகளுக்கு உப்புப் போடும் ஒப்பந்தக்காரர்களுக்கு வானிலை சொல்கிறது. "சரியாச் சொன்னாலும் பிழையாச் சொன்னாலும் உமக்குச் சம்பளம் வரும், அருமையான வேலை" என்று கலியாண வீடுகளில் நக்கலடிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். பனி கொட்டுமா என்று சொல்வது எனக்குப் பெரிய வித்தையில்லை. என் உயிரை வாங்குவது உறைமழை.

மேலே சூடான காற்றில் பனி உருகி மழையாகிறது. நிலத்தை ஒட்டிப் பூச்சியத்துக்குக் கீழான காற்று மெல்லிய படலமாகக் கிடந்தால், அந்த மழை தண்ணீராகவே வந்து விழுந்து, தொட்ட இடத்தில் ஐஸாகிவிடும். வீதி, மரம், மின்கம்பி என்று எதையும் விடாது. ஒரு பாகை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுதான் முழு வழக்கும். காற்று தெற்கே ஏரிமேலால் சூட்டோடு வந்தால், பக்கத்து ஊரான ஸ்காபரோவின் ஏரிக்கரைப் பக்கம் தப்பும். வடக்கிலிருந்து வீசினால் தப்பாது.

அக்காவும் அத்தானும் அந்தக் கரைப்பக்கம், மோர்னிங்சைட்டில் இருக்கிறார்கள். அத்தானுக்கு நுரையீரல் பழுது. கரண்டில் ஓடும் ஒட்சிசன் மெஷினில் இருந்து ஒரு குழாய் எந்நேரமும் அவருடைய மூக்குக்குப் போகும். கரண்ட் நின்றால் மாற்ற ஒரு சிலிண்டர் உண்டு, இரண்டு மணித்தியாலம் தாங்கும். இன்னொன்று வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லி எடுக்க வேண்டும். சொல்வதா விடுவதா என்று அக்கா என்னைக் கேட்பார். வானிலைக்காரி வீட்டிலேயே இருக்கும்போது வேறு யாரைக் கேட்பது?

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மாசி மாதம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா போன் எடுத்தார்.

"நாளைக்குப் பிரீசிங் ரெயின் எண்டு சொல்லுறாங்கள். சிலிண்டர் இன்னொண்டு சொல்லட்டோ?"

"வேண்டாம் அக்கா. ஐஸ் எங்கட மார்க்கம் பக்கம். உங்களுக்கு மழைதான்."

அன்று காலை ஒப்பந்தக்காரர்களுக்கு அனுப்பிய அறிக்கையில், மோர்னிங்சைட் பக்கம் உறைமழைக்கு நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு என்று நானே எழுதியிருந்தேன். அந்த நாற்பதை ஒரு 'தான்' விழுங்கிவிட்டது. கந்தோர் ஆங்கிலத்தில் வசனத்துக்கு ஒரு 'இருக்கலாம்' போட்டுப் பழகியவள் நான். அக்காவிடம் 'இருக்கலாம்' என்று இழுத்தால், "உனக்குத் தெரியுமோ தெரியாதோ?" என்று கேட்பார். எனக்குத் தெரியும் என்று காட்ட ஆசைப்பட்டேன். வேறொரு காரணமும் இல்லை.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்குக் காற்று வடக்கிலிருந்து வீசத் தொடங்கியது. மோர்னிங்சைட் பூச்சியத்துக்குக் கீழே ஒரு பாகைக்கு இறங்கியதைக் கந்தோர்த் திரையில் பார்த்தேன். பத்து மணிக்கு மின்கம்பிகளில் பென்சில் தடிப்பில் ஐஸ் என்று செய்தி வந்தது. பத்தரைக்கு அக்கா போன் எடுத்தார்.

"கரண்ட் நிண்டிட்டுது. சிலிண்டரைப் பூட்டிட்டன். ரோட்டில கால் வைக்கேலாது. எப்ப உருகும் எண்டு சொல்லு, அதுக்குப் பிறகு இவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறன்."

பன்னிரண்டரைக்கு உருகும் என்று கணினி காட்டியது. சொல்ல வாய் வரவில்லை.

"எனக்குத் தெரியாது அக்கா. பாத்துக்கொண்டிருக்க வேண்டாம், இப்பவே அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ."

"தெரியாதோ?" என்றார். பிறகு போனை வைத்துவிட்டார்.

அம்புலன்ஸ் வந்து சேர ஒன்றே முக்கால் மணித்தியாலம் பிடித்தது. அவ்வளவு நேரமும் நான் உப்பு லொறிக்காரர்களுக்கு அடுத்த அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் படிகளில் உப்பை எறிந்து எறிந்து அத்தானைத் தூக்கிப் போனார்கள். சிலிண்டரின் முள் சிவப்பில் நின்றதாம். பன்னிரண்டரைக்கு, கணினி சொன்னபடியே, எல்லாம் உருகி ஓடத் தொடங்கியது. அப்படிச் சரியாக வந்ததைப் பார்க்க எனக்கு எரிச்சல்தான் வந்தது.

பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "பிழை என்ர. நாற்பது வீதம் இருந்தது, நான் சொல்லேல்லை" என்றேன். அத்தான் ஒட்சிசன் முகமூடிக்குள்ளால், "விடு பிள்ளை" என்றார். அக்கா எழும்பித் தன் கதிரையை எனக்குத் தந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அக்கா சிலிண்டர் பற்றி என்னிடம் கேட்கவில்லை, நானாகச் சொல்லவும் துணியவில்லை. இந்தக் குளிர்காலத்தின் முதல் உறைமழை வரப்போவதைத் திரையில் கண்டதும், முதல் நாள் காலையிலேயே நான் அக்காவுக்குப் போன் எடுத்தேன். நூற்றுக்கு எத்தனை என்று ஒழுங்காகச் சொல்லவேண்டும் என்று ஒரு தாளில்கூட எழுதி வைத்திருந்தேன்.

"அக்கா, நாளைக்கு..."

"சிலிண்டர் நேற்றே வந்திட்டுது," என்றார். "ரெண்டு எடுத்தனான். நீ நாளைக்குக் கவனமாய்க் கார் ஓடி வேலைக்குப் போட்டு வா."