ஜூலைக்குள் ஓடவேண்டிய முழங்கால்

டொக்டர் சொல்லாமல் விட்ட கெட்ட செய்தியை நோயாளி நம்மிடம் வந்து கேட்கும் தொழில்தான் பிசியோதெரபி. உங்களில் யாராவது இந்த வேலை செய்பவராக இருந்தால் விளக்கத் தேவையில்லை. நீங்களும் அந்தக் கேள்வி வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு துவாய் மடித்திருப்பீர்கள். எழுபதுகளின் நடுவில் மெல்பேர்ணின் மேற்குப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நான் வேலை செய்தபோது நடந்தவை இவை. எல்லாம் ஒரே ஆளின் இடது முழங்காலைப் பற்றியவை.

கிழவனாகும் வயது

மார்வின் அமெரிக்கன். இருபத்திமூன்று வயது. அந்தக் காலத்தில் விக்டோரியாவில் ஆசிரியர் தட்டுப்பாடு. அமெரிக்காவிலிருந்தெல்லாம் ஆட்களை எடுத்தார்கள். அவனும் அப்படி வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தான். ஆசிரியர்கள் தங்களுக்குள் பந்து விளையாடியபோது கணக்கு வாத்தியார் இவனுடைய முழங்காலின் மேல் விழுந்துவிட்டார். கிழிந்த குருத்தெலும்பை வெட்டி எடுத்த பிறகு, மார்ச் மாதத்தில் ஊன்றுகோலோடு என்னிடம் வந்தான்.

தன்னுடைய உண்மையான தொழில் வேறு என்று முதல் நாளே சொன்னான். கல்லூரியில் அமெரிக்கன் ஃபுட்போல் ஆடியவன். ரன்னிங் பேக். அதாவது, பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு, எதிரே மறித்து நிற்கிற தடியன்களுக்கு இடையில் வழி கண்டுபிடித்து ஓடுகிறவன். தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்தபோது இவனை ஒருவரும் எடுக்கவில்லை. ஆனால் ஒரு பயிற்சியாளர் மட்டும், இந்த ஜூலையில் தெரிவு முகாம் தொடங்குகிறது, வந்து ஓடிக் காட்டு என்று கடிதம் போட்டிருந்தார். அந்தக் கடிதத்தை எனக்கும் காட்டினான். அடுத்த வருஷம் போனால் என்ன என்று கேட்டேன்.

"ரன்னிங் பேக் இருபத்தேழு வயதில் கிழவன், மிஸஸ் நாதன். அடுத்த வருஷம் என்னைவிட வேகமான ஒருத்தன் கல்லூரி முடித்துவிட்டு வந்து நிற்பான்."

டொக்டரின் கணக்கு

பாதத்தில் இரும்புச் சப்பாத்தைக் கட்டி, காலை நீட்டி மடக்குவதுதான் அப்போதைய வைத்தியம். நான் முப்பது தடவை என்றால் மார்வின் அறுபது தடவை செய்வான். பக்கத்துக் கட்டிலில் இடுப்பு முறிந்த ஒரு கிழவர், அவன் செய்வதை எண்ணி எண்ணியே தன்னுடைய பயிற்சியை மறந்துவிடுவார்.

எனக்குத்தான் சந்தேகம் இருந்தது. முழங்காலை மடித்து வைத்து, கீழ்க்காலைப் பிடித்து மெதுவாக இழுத்தால், திறக்கிற மேசை லாச்சி போல முன்னால் வந்தது. குருத்தெலும்பு மட்டுமல்ல, உள்ளே எலும்பை இழுத்துப் பிடிக்கிற நாரும் அறுந்திருக்கிறது. அதற்கு அன்றைக்குச் சரியான வைத்தியம் எங்களிடம் இருக்கவில்லை. சத்திரசிகிச்சை செய்த டொக்டருக்கு எழுதினேன். வந்தார், இரண்டு நிமிஷம் பார்த்தார், "காயம் நன்றாக ஆறியிருக்கிறது" என்று மார்வினின் தோளைத் தட்டினார். நான் விறாந்தைவரை பின்னால் போய், அவனுடைய ஜூலை மாதத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் நிற்காமலே பதில் சொன்னார்.

"அவன் வாத்தியார்தானே? படிப்பிக்க இந்தக் கால் போதும்."

ஒரு சென்டிமீற்றர்

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவனுடைய தொடையை நாடாவால் அளப்பேன். சதை கூடினால் பலம் கூடுகிறது என்று அர்த்தம். மே மாதத்தில் மூன்று கிழமையாக அளவு அசையவில்லை. அவன் மல்லாந்து படுத்தபடி, "கூடியிருக்கிறதா?" என்றான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஒரு சென்டிமீற்றர் என்றேன். அவனுடைய சிகிச்சை அட்டையில் மட்டும் உண்மையை எழுதினேன்.

அன்று பின்னேரம் குசினியில் கோப்பை துடைத்துக்கொண்டிருந்த என் கணவரிடம் சொன்னேன்.

"நீர் ஏன் பொய் சொன்னனீர்?" என்றார்.

"டொக்டரே சொல்லேல்லை. நான் எப்பிடிச் சொல்லுறது?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "சொல்ல ஏலாட்டில் பேசாமல் இருந்திருக்கலாம். இப்ப அந்த ஒரு சென்டிமீற்றரை நம்பி அவன் ஓடப் போறான்."

ஈரப் புல்

ஓடினான். திங்கட்கிழமை வந்தபோது முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. பலம் வந்துவிட்டது என்று நினைத்து, பள்ளிக்கூட மைதானத்தில் ஈரப் புல்லில் ஓடிப் பார்த்திருக்கிறான். நேராக ஓடும்வரை ஒன்றுமில்லையாம். பக்கவாட்டில் வெட்டித் திரும்பியதும் கால் அவனோடு திரும்பவில்லை.

திரையை இழுத்து மூடிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அறுந்த நார், அசையாத அளவு, நான் சொன்ன பொய். இந்தக் காலோடு அந்த ஆட்டம் இனி இல்லை என்றும் சொன்னேன். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவன் எழுந்து உட்கார்ந்து ஊன்றுகோலை எடுத்துத் தரச் சொன்னான்.

"இந்தக் கட்டிடத்தில் நான் நம்பினது உங்களை மட்டும்தான்."

நீலக் கடிதம்

அதற்குப் பிறகும் அவன் அந்த முகாமுக்குப் போனான். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, முழங்காலை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஜூலையில் விமானம் ஏறினான். ஆகஸ்டில் என் பெயருக்கு ஒரு நீல விமானக் கடிதம் வந்தது. முகாமின் முதல் காலையில், உடுப்பு மாற்றுவதற்கு முன்பே அந்த அணியின் டொக்டர் கீழ்க்காலைப் பிடித்து இழுத்துப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான். மற்றவர்கள் மைதானத்துக்கு ஓட, இவனைப் பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போய் விட்டார்கள். ஒரு அடிகூட ஓடிக் காட்டவில்லை. இப்போது மாமாவின் டயர் கடையில் நிற்கிறான். என்மேல் கோபம் இல்லை என்று கடைசி வரியில் எழுதியிருந்தான். அந்த வரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் பகுதியின் தலைவி மிஸ் ஹாட்லி, முப்பது வருஷம் இதே வேலை செய்தவர். தேநீர் அறையில் கடிதத்தை அவரிடம் கொடுத்து, என்ன பதில் எழுதலாம் என்று கேட்டேன். இரண்டு தரம் வாசித்துவிட்டு மடித்துத் தந்தார்.

"நானும் இப்படிப் பல தடவை எழுத உட்கார்ந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்ட பிறகு அடுத்த வரிக்கு ஒன்றும் வராது."

நாங்கள் நடக்க வைத்தவர்கள் வாசலைத் தாண்டும்போதே எங்களை மறந்துவிடுகிறார்கள், எங்களால் முடியாமல் போனவர்கள்தான் வருஷம் தவறாமல் கிறிஸ்மஸ் கார்ட் அனுப்புகிறார்கள்.