அனுசுயாவின் சிவப்புத் துணி

அரியமங்கலத்தில் தஞ்சாவூர் ரோட்டை ஒட்டியிருக்கும் ஜோதியின் லாரிப் பட்டறைக்கு முதல் தடவை வருகிறவர்கள் அனுசுயாவைப் பார்த்ததும், "அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டாந்தீங்களா?" என்று கேட்பார்கள். இப்போதெல்லாம் அவளுக்குக் கோபம் வருவதில்லை. "ஆமாங்க. அவரு சாப்பிடட்டும், அதுக்குள்ள உங்க வண்டிப் பெட்டியைக் கழட்டிக் குடுங்க, பார்த்துத் தரேன்," என்பாள். கேட்டவர் முகம் போகும் போக்கைப் பார்த்து, வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் ஜோதி சிரிப்பான். அவள் புருஷன்தான். இஞ்சின், கியர், வெல்டிங் அவன் பங்கு. பெட்டி அவள் பங்கு.

பெட்டி என்பது ஈசிஎம், இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர். உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய அலுமினியப் பெட்டிதான். ஆனால் இன்றைய டீசல் லாரியில் எப்போது எவ்வளவு டீசல் பீய்ச்சுவது என்று முடிவு செய்கிற அதிகாரம் முழுவதும் அதனிடம் இருக்கிறது. டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிப்பது இஞ்சினுக்குப் போடும் உத்தரவு இல்லை, பெட்டியிடம் கொடுக்கும் மனு. பெட்டி மனம் வைத்தால்தான் வண்டி நகரும்.

அனுசுயா திருவெறும்பூர்க்காரி. அப்பா அங்கே தொழிற்சாலையில் வெல்டர். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, தென்னூரில் ஒரு செல்போன் கடையில் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் குனிந்தே பல வருஷம் ஓட்டினாள். ஒரு நாள் இஞ்சின் ஆயிலுக்குள் விழுந்த போனை எடுத்துக்கொண்டு ஜோதி வந்தான். சரி செய்து கொடுத்தாள். அடுத்த மாதமும் அதே போன், அதே ஆயில். மூன்றாவது தடவை வந்தபோது, "இதைத் தெரிஞ்சேதான் போடுறீங்களா?" என்று கேட்டாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த வருஷமே கல்யாணம். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் பக்கம் வாடகைக்கு ஒரு போர்ஷன் கிடைத்தது. அங்கிருந்து தினமும் காவிரிப் பாலத்தைத் தாண்டி இருவரும் ஒரே ஸ்கூட்டரில் பட்டறைக்கு வருவார்கள்.

பெட்டி வைத்த லாரிகள் வரத் தொடங்கியபோது ஜோதி மிரண்டுதான் போனான். திருக முடிகிற எதையும் அவனால் சரி செய்துவிட முடியும். இதில் திருக ஒன்றுமில்லை. செத்துப்போன ஒரு பெட்டியை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்து மூலையில் எறிந்தான். அனுசுயா அதைத் திறந்து பார்த்தாள். செல்போனில் இருப்பதேதான், கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தது. சாதத்தை அடுப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தவள், சாதம் குழைந்தது தெரியாமல் அதை உயிர்ப்பித்துவிட்டாள். அன்றைக்குக் குழைந்த சாதத்தை ஜோதி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். மறு வாரம் பட்டறையில் அவளுக்கென்று ஒரு மேஜையும் மைக்ராஸ்கோப்பும் வந்தன.

அவள் வந்ததும் பட்டறைக்கு இரண்டு சட்டங்கள் வந்தன. பெட்டியை வண்டிக்காரர் எதிரில்தான் திறப்பாள். உள்ளே தெரிவதை மைக்ராஸ்கோப்போடு இணைத்த டிவியில் பெரிதாகக் காட்டுவாள். பின்னால் யாரும், உள்ளே இருந்ததை மாற்றிவிட்டாள் என்று பேசக் கூடாது. இரண்டாவது சட்டம் சிவப்புத் துணி. லாரியில் வைக்கும் வெல்டிங்கின் கரண்ட் எர்த்தைத் தேடி ஓடும்போது பெட்டிக்குள் புகுந்துவிட்டால் பெட்டி கருகிவிடும். அதனால் வெல்டிங் ராடைக் கையில் எடுக்குமுன் பேட்டரி வயர்களைக் கழற்ற வேண்டும், பெட்டியின் பிளக்கைப் பிடுங்க வேண்டும், பிறகு ஸ்டியரிங்கில் அந்தத் துணியைக் கட்ட வேண்டும். துணி கட்டாத வண்டியில் வெல்டிங் கிடையாது. அவளுடைய பழைய புடவையில் கிழித்த துணி அது. "கோயில் கொடியேத்தம் மாதிரி பண்றா," என்று ஜோதி கேலி செய்வான். ஆனாலும் கட்டுவான்.

சிவசங்கர் என்பவருக்கு மூன்று லாரிகள். திருவெறும்பூர்ப் பக்கத்துப் பட்டறைகளில் செய்யும் இரும்புச் சாமான்களைச் சென்னைக்கு ஏற்றுவார். அவருடைய முதல் லாரியிலிருந்தே டிரைவராக இருப்பவர் நல்லதம்பி. ஐம்பது வயதைத் தாண்டியவர். வண்டியில் அவருக்கென்று இருந்த ஒரே ஆடம்பரம், சமயபுரத்தாள் படத்தைச் சுற்றி அவரே போட்ட சீரியல் லைட். பிரேக்கை மிதித்தால் சிவப்பும் பச்சையுமாக எரியும்.

அந்த வண்டி ஒரு நாள் சென்னைக்குப் போகும் வழியில் பாடாலூர் தாண்டி, லோடோடு நடு ரோட்டில் செத்து நின்றது. பெட்டி போய்விட்டது. லோடை வேறு வண்டிக்கு மாற்றி அனுப்பிவிட்டு, லாரியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து ஜோதியின் பட்டறையில் விட்டார்கள். சிவசங்கர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"எதனால இப்படி ஆச்சு ஜோதி?"

ஜோதி வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். கேபினை எட்டிப் பார்த்தான். "சாமி படத்துக்கு லைட்டு போட்டிருக்காருல்ல சார். அதுலேருந்து ஷார்ட் ஆகியிருக்கும்."

சிவசங்கர் திரும்பி நல்லதம்பியைப் பார்த்தார். "சாவியைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க," என்றார் சிவசங்கர். "நான் சென்னைக்குப் போய் லோடு விஷயத்தை முடிச்சுட்டு வரேன். வந்ததும் அனுசுயா திறந்து பார்க்கட்டும். லைட்டுதான் காரணம்னா, நீங்க இனிமே வர வேணாம்."

அவர் சென்னையிலிருந்து திரும்பி வந்த அன்று காலை நல்லதம்பியும் வந்து ஓரமாக நின்றார். அனுசுயா பெட்டியின் மூடியைச் சூடு காட்டிக் கிளப்பினாள். ஜோதி கையைத் துடைத்தபடி பின்னால் வந்து நின்றான். டிவியில் பச்சை நிறச் சர்க்யூட் பலகையும், அதில் ஒரு கறுப்புத் தழும்பும் பெரிதாகத் தெரிந்தன.

தழும்பு எல்லோருக்கும் தெரிந்தது. அது என்ன சொல்கிறது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்தது.

லைட்டால் வந்திருந்தால் கரண்ட் உள்ளே நுழைகிற பக்கம் கருகியிருக்கும். கருகியிருந்தது எர்த் பக்கம். கருகல் புதிதும் இல்லை. மேலே லேசாகப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. முக்கால்வாசி எரிந்து, மிச்சமிருந்த இழையை நம்பிச் சில நாள் ஓடியிருக்கிறது. பாடாலூர்க் குலுக்கலில் அந்த இழையும் அறுந்துவிட்டது. இது வெல்டிங்.

இந்த வண்டிக்கு வெல்டிங் எப்போது வைத்தது? யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. போன வாரம் அவள் பையனின் பள்ளிக்கூட மீட்டிங்குக்குப் போய்விட்டுச் சாயந்திரம்தான் பட்டறைக்கு வந்தாள். "சிவசங்கர் சார் வண்டியில யூரியா டேங்கைத் தாங்குற பிராக்கெட் விட்டுப் போயிருந்துச்சு, அவசரம்னாங்க, பத்த வச்சுக் குடுத்துட்டேன்," என்று ஜோதி சொன்னான். துணி கட்டினாயா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் கிரீஸ் ஏறி விறைத்துப்போயிருந்த அந்தத் துணியைத் துவைக்க வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தவள் அவள்தான். ஜோதி பிராக்கெட்டைப் பத்த வைத்த நேரத்தில் துணி ஸ்ரீரங்கத்தில் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

திரும்பி ஜோதியைப் பார்த்தாள். அவன் டிவியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். லைட்டு என்று சொல்லிவிட்டால் போதும், கேட்க ஆளில்லை. சிவசங்கரின் மூன்று வண்டிகளும் இங்கேயே வரும். ஊரில் ஜோதியின் பெயரும் கெடாது. நல்லதம்பி மட்டும் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதான். அந்த வயதில் அவருக்கு யார் வண்டி கொடுப்பார்கள்?

"என்னம்மா, லைட்டுதானே?" என்றார் சிவசங்கர்.

"இல்லைங்க சார். லைட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. வெல்டிங் வச்சப்ப எங்க பட்டறையிலதான் இது போயிருக்கு. துணியை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். அதான்."

ரோட்டில் ஒரு டிரெய்லர் போய்க்கொண்டே இருந்தது.

"துணி இல்லைன்னா பேட்டரி வயரைக் கழட்டத் தெரியாதா எனக்கு?" என்றான் ஜோதி. "அவ மேல தப்பில்லை சார். அவசரத்துல நான்தான் அப்படியே பத்த வச்சேன். வண்டியை இழுத்துட்டு வந்தப்பவே எனக்குச் சந்தேகம். வாயில லைட்டுன்னு வந்திருச்சு."

சிவசங்கர் அவனையே பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நல்லதம்பியிடம் நீட்டிவிட்டு, "பெட்டியைச் சரி பண்ணி வைம்மா," என்று அனுசுயாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வெல்டிங் வேலையை அவர் வேறு பட்டறைக்குக் கொடுத்துவிட்டார். பெட்டிகள் மட்டும் இங்கேயே வருகின்றன.

ஜோதி நல்லதம்பியின் பக்கம் திரும்பினான். "அண்ணே..."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்ப்பா," என்றார் நல்லதம்பி. அவர் குரலில் கோபமே இல்லை. "சாவியைக் குடுத்த அன்னைக்கே லைட்டையெல்லாம் பிச்சு எடுத்துட்டேன். ஆத்தா படத்தையும் கழட்டிட்டேன். ஓனருக்கு இவ்வளவு நஷ்டத்தை உண்டாக்கிட்டோமேன்னு சோறு இறங்கலை. நான்தான் பண்ணிட்டேன்னு நம்பிட்டேன்."

அடித்திருந்தால்கூட ஜோதி தாங்கியிருப்பான். நல்லதம்பியின் கையிலிருந்த மஞ்சப்பையை வாங்கிப் பார்த்தான். அதில் சமயபுரத்தாள் படமும், சிக்கலாய்ச் சுருண்டு கிடந்த லைட் சரமும் இருந்தன. பையோடு அவன் லாரியில் ஏறினான்.

அனுசுயா மைக்ராஸ்கோப்புக்குக் குனிந்தாள். கருகிய இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புது வயர் இழை வைத்துப் பற்ற வைத்துக்கொண்டிருந்தபோது, கேபினிலிருந்து இறங்கி வந்த ஜோதி அவள் மேஜைக்கு அருகே நின்றான்.

"அனு, ரெண்டு பேட்டரி வயரையும் கழட்டிட்டேன். துணி எங்க?"

சாமி படத்துக்குச் சீரியல் லைட் மாட்டத் துணி வேண்டியதில்லை. அதிலும் பெட்டியே வண்டியில் இல்லை, திறந்தபடி அவள் கையடியில் கிடக்கிறது. அது அவனுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் ஆணியில் தொங்கிய துணியை எடுத்துக் கொடுத்தாள். அவன் ஏறிப் போய் ஸ்டியரிங்கில் இறுக்கிக் கட்டிவிட்டு, லைட் சரத்தின் சிக்கலை எடுக்க உட்கார்ந்தான்.