வராத நூற்று இருபத்தெட்டு பேர்

தலை எண்ணுவதில் டைம்கீப்பரை மிஞ்ச அந்தச் சபையில் ஆள் கிடையாது. முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் வண்டிகளுக்கு நேரம் எழுதியவர். "கிளம்பு, நேரமாச்சு" என்று டிரைவர்களை விரட்டியே குரல் கட்டையாகிப் போனவர். வளைவில் திரும்பும் பஸ்ஸின் சாய்வைப் பார்த்தே உள்ளே எத்தனை பேர் என்று சொல்லிவிடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆலயத்தை ஒட்டிய கூடத்தில் இரண்டு முறை எண்ணினார். இரண்டு பஸ் நிறைய ஆட்கள், அதற்கு மேல் ஒன்பது பேர். மொத்தம் நூற்றுப் பத்தொன்பது. வேண்டியது நூற்று முப்பத்தொன்பது.

"இருபது குறையுது" என்றார், பக்கத்து நாற்காலியில் இருந்த கணக்கு டீச்சரிடம். பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவர். சபையின் செயலரும் அவர்தான்.

"வாசல்ல செருப்பு நிறையக் கிடக்கே அண்ணே."

"செருப்புக்கு ஓட்டு கிடையாது டீச்சர்."

போன மாதம்தான் மாற்றலாகி வந்திருந்த பாஸ்டர் எழுந்து, பதிவேட்டில் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர்கூட வராததால் வருடக் கூட்டம் இரண்டு வாரம் தள்ளிவைக்கப்படுகிறது என்று அறிவித்தார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு ஆளாளுக்கு வீட்டுக்குப் போனார்கள். இது மூன்றாவது வருடம். கூட்டம் கூடாமல் போவதும் ஆராதனையின் ஒரு பகுதி என்றே சிலர் நினைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

டைம்கீப்பருக்கு மட்டும் அப்படி நினைக்க வசதியில்லை. அவர் ஒன்பது வருடமாகப் பொருளாளர். பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. புதியவரைத் தேர்ந்தெடுக்க வருடக் கூட்டம் வேண்டும். கூட்டத்தின் தீர்மானம் இல்லாமல் வங்கியில் கையெழுத்தை மாற்ற மாட்டார்கள். அவர் கையெழுத்து இல்லாமல் மணியடிப்பவருக்குச் சம்பளம் கிடையாது, கரண்ட் பில் கட்ட முடியாது. மூட்டையை இறக்கிவைக்கலாம் என்றால், வாங்கிக்கொள்ள ஆளை நியமிக்கக்கூட அவருக்கு உரிமை இல்லை. வெளியூரில் இருக்கும் மகள், தன்னோடு வந்து இருக்கச் சொல்லி வீட்டில் ஓர் அறையே ஒழித்துவைத்திருந்தாள். அந்த அறையில் இப்போது அட்டைப்பெட்டிகள் குடியிருந்தன.

அன்று மதியமே போன் செய்தாள்.

"கூட்டம் நடந்துச்சாப்பா?"

"தள்ளிவச்சிருக்கு."



"இந்த டிக்கெட்டை நான் கேன்சல் பண்ண மாட்டேன்பா. மூணு வாட்டி பண்ணியாச்சு. ரயில்வேக்காரங்க நம்ம வீட்டை ஒரு வருமானமாவே எழுதி வச்சிருப்பாங்க."

"இன்னும் பதினாறு நாள் இருக்கேம்மா."

"மூணு வருஷம் இருந்துச்சேப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் டீச்சர் ஆலய அலுவலகத்துக்கு வந்தார். அலுவலகம் என்பது ஓர் இரும்பு பீரோ, ஒரு மேசை, ஆடும்போது ஆமாம் போடும் ஒரு மேசை விசிறி. வராதவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிடுவது என்று திட்டம். டைம்கீப்பர் பதிவேட்டைத் திறந்து எண்களைச் சொல்ல, டீச்சர் அழைத்தார். முதல் ஆள் பார்க்கலாம் என்றார். இரண்டாவது ஆளுக்கு மூட்டு வலி. மூன்றாவதில் ஒரு வயதான அம்மா எடுத்தார். அவர் கணவரின் பெயரைச் சொல்லி, கூட்டத்துக்கு அவசியம் வரச் சொல்லுங்கள் என்றார் டீச்சர். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, டீச்சர் முகம் மாறியது. "மன்னிச்சுக்குங்கம்மா" என்று போனைக் கீழே வைத்தார்.

"என்ன சொல்றாங்க?"

"'அவர் எங்கிருந்தும்மா வரணும், உங்க பின்வாசல்லதானே படுத்திருக்கார். வேணும்னா நீங்களே ஒரு குரல் குடுத்துப் பாருங்க'ன்றாங்க."

பின்வாசலுக்கு அப்பால் கல்லறைத் தோட்டம். டைம்கீப்பர் பதிவேட்டை அருகே இழுத்துப் பார்த்தார். அந்தப் பெயருக்கு நேராக இந்த வருடச் சந்தா கட்டியாகிவிட்டது என்று எழுதியிருந்தது அவர் கையெழுத்தில்தான்.

அது தொடங்கியது ஒன்பது வருடத்துக்கு முன்பு. வருடத்தின் கடைசி ஞாயிறு உறுப்பினர் எல்லோருடைய பெயரையும் பீடத்திலிருந்து வாசிப்பது இந்தச் சபையின் வழக்கம். அவர் பொறுப்பேற்ற முதல் மாதம் இதே அம்மா வந்து நின்றார். "அவர் பேரை எடுத்துடாதீங்க. அவர் சந்தாவை நான் கட்டுறேன். வருஷத்துல ஒரு நாளாவது அந்தப் பேரை யாராவது சத்தமா சொல்லிக் கேக்கணும்." செத்தவர் பெயரை வருட முடிவில் பொருளாளர் தன் கையால் சிவப்புக் கோடிட்டு நீக்க வேண்டும் என்று சபை விதியில் இருக்கிறது. ஆனால் சந்தா வசூல் சரிந்துகொண்டிருந்த நேரம். எதிரே நிற்பவரோ புடவை முனையில் காசு முடிந்துகொண்டு வந்திருக்கிறார். ரசீது போட்டார். அடுத்த வாரம் இரண்டு பேர் வந்தார்கள். அதன்பிறகு யார் வந்தாலும் போட்டார். முதல் ஆறு வருடம் கூட்டம் எப்படியோ தேறியது. அதனால் யாரும் யோசிக்கவில்லை. நானூறு பெயர் வாசிக்கையில் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பெயருக்கு மட்டுமே காது கொடுத்தார்கள், அது ஒன்றுதான் என்று நினைத்தார்கள். கூட்டிப் பார்க்க வேண்டிய ஆள் அவர். கூட்டிப் பார்க்காதவரும் அவர்தான்.

அன்று கூட்டினார். ஐந்தைந்து கோடாகக் கட்டுக் கட்டிக்கொண்டே வந்தார். பதிவேட்டில் நானூற்றுப் பதினேழு பேர். அதில் நூற்று இருபத்தெட்டு பேர் பின்வாசலுக்கு அந்தப் பக்கம்.

டீச்சர் ஓரத்தில் கணக்குப் போட்டார். "உயிரோட இருக்கிறது இருநூத்து எண்பத்தொம்பது. மூணுல ஒரு பங்கு தொண்ணூத்தேழு. நேத்தே இருபத்திரண்டு பேர் கூடுதலா உக்காந்திருந்தாங்கண்ணே. மூணு வருஷமா நாம கல்லறைக்கும் சேத்துக் கூட்டம் போட்டிருக்கோம்." பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "எங்க மாமியார் பேரும் இதுல இருக்கு. நான்தான் கட்டுறேன்" என்றார்.

நீக்க வேண்டியதுதான் என்று முடிவாயிற்று. வேண்டுமானால் இறந்தவர்களுக்குத் தனி நோட்டுப் போட்டு, வருடக் கடைசியில் அதையும் வாசிக்கலாம். அதற்குச் சந்தா கிடையாது என்று டீச்சரே வழியும் சொன்னார். சொல்லாமல் கோடு போட்டால் சண்டை வரும், வீட்டுக்கு வீடு போய்ச் சொல்லிவிடலாம் என்று டைம்கீப்பர் சைக்கிளை எடுத்தார். அங்கேதான் பிடித்தது சனி.

முதல் வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள், சம்மதம் கொடுக்கவில்லை. இரண்டாவது வீட்டில் சம்மதம் கொடுத்தார்கள். பத்து நிமிடம் கழித்து மருமகள் தெருமுனை வரை ஓடிவந்து, அத்தை அழுகிறார்கள், வேண்டாம் என்றாள். இன்னொரு வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் அப்பாவுக்குத் தனித்தனியாகச் சந்தா கட்டி, செத்தவர் பதிவேட்டில் இரண்டு ஆளாக இருந்தார். யாருடையதை எடுப்பது என்று அவர்கள் சண்டை போட, இவர் நைசாக நழுவினார். நான்கு நாளில் பதினோரு வீடு. ஒரு கோடுகூட விழவில்லை. சைக்கிள் செயின் மட்டும் இரண்டு முறை கழன்றது.

ஐந்தாம் நாள் வெல்டிங்காரர் பட்டறை. சபையில் எதற்கெடுத்தாலும் குறை சொல்வதில் பேர் பெற்றவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முழுவதையும் கேட்டார்.

"தனி நோட்டா?"

"அதையும் வாசிப்போம் தம்பி. பேர் எங்கயும் போகாது."

"எங்கப்பா உசிரோட இருந்தவரைக்கும் வாடகை வீடு மாறி மாறியே செத்தாரு. பதினாலு வீடு. பாத்திரத்தைத் தலையில வச்சுக்கிட்டு நான் நடந்திருக்கேன். உங்க ரெஜிஸ்டர்ல மட்டும்தான் ஒரே இடத்துல இருக்காரு. அங்கயிருந்தும் காலி பண்ணச் சொல்றீங்க?"

டைம்கீப்பருக்கு எரிச்சல் தலைக்கேறியது. "நான் என்ன எனக்காகவா கேக்கறேன்? சபை நடக்க வேண்டாமா?"

"நடக்கட்டும். உங்க வீட்டம்மா பேரை எடுத்துட்டீங்களா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் வெல்டிங்காரர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். பொறி பறந்ததால் இவர்தான் விலகி நிற்க வேண்டியிருந்தது.

பதிவேட்டில் அவர் எண் அறுபத்தொன்று. அறுபத்திரண்டு அவர் மனைவி. இறந்து ஆறு வருடமாகிறது. ஒவ்வொரு வருடமும் ஜனவரி முதல் வாரம் தன் சட்டைப்பையிலிருந்து சந்தாவை எடுத்து, தானே வாங்கிக்கொண்டு, அவள் பெயருக்கு ரசீது எழுதி, கிழித்துத் தன்னிடமே கொடுத்துக்கொள்வார். இதை யாரும் பார்த்ததில்லை என்றுதான் அவர் நினைத்திருந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வரை நடந்தார்.

இரண்டாவது கூட்டத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு பேர்தான் வந்தார்கள். முன்னதைவிட ஏழு குறைவு. டைம்கீப்பர் கூடத்து வாசலில் மேசையைப் போட்டு, பதிவேட்டை விரித்துவைத்து, பக்கத்தில் ஒரு புது நோட்டையும் சிவப்புப் பேனாவையும் வைத்திருந்தார். எல்லோரும் உட்கார்ந்ததும் எழுந்தார். பேச்சு எதுவும் தயார் செய்யவில்லை.

"தப்பு என்னுதுதான். கோடு போட வேண்டியது என் வேலை, போடலை. இப்ப போடறேன்."

அறுபத்திரண்டாம் எண்ணுக்குக் கீழே ஸ்கேலை வைத்தார். ஸ்கேல் ஒரு தடவை நழுவியது. மறுபடி வைத்து இழுத்தார். பிறகு அந்தப் பெயரைப் புது நோட்டின் முதல் வரியில் எழுதினார். நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை. அடுத்து டீச்சர் வந்து மாமியார் பெயரைக் காட்டினார். அதன்பின் அந்தப் புடவை முனை அம்மா வந்தார். "பேர் அழியாம கோடு போடுங்க. படிக்கிற மாதிரி இருக்கணும்" என்றார். அவருக்குப் பின்னால் வரிசை கூடியது. சிலர் தாங்களே ஸ்கேலைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஆளுக்கொரு கோடு கேட்டு வாங்கினார்கள்.

ஒரு மணி நேரத்தில் எண்பது. அதோடு வரிசை நின்றுவிட்டது. மற்ற குடும்பங்கள் வரவில்லை, அல்லது எழுந்திருக்கவில்லை. பதிவேட்டில் இப்போது முந்நூற்று முப்பத்தேழு பேர்.

"மூணுல ஒரு பங்குன்னா நூத்துப் பதிமூணு வேணும்" என்றார் டீச்சர், பேனா மூடியைக் கடித்துக்கொண்டே. "நூத்துப் பன்னிரண்டு இருக்கோம்."

ஒன்று. டைம்கீப்பருக்குச் சிரிப்பு வருவதுபோல் இருந்தது, வரவில்லை. நாளை மறுநாள் ரயில். எல்லோர் கண்ணும் வெல்டிங்காரர் மேல் திரும்பியது.

"எங்கப்பாவை எடுத்தா தேறுமா?" என்று உட்கார்ந்தபடியே கேட்டார் அவர்.

"தேறும் தம்பி."

"இன்னொரு ஆள் வந்தாலும் தேறும்ல?"

"தேறும். எங்கயிருந்து வருவாங்க?"

வெல்டிங்காரர் எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். டைம்கீப்பர் வாட்சைப் பார்த்தார். எட்டு நிமிடத்தில் வெல்டிங்காரர் திரும்பி வந்தார், தன் தம்பியை முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. தம்பியின் சந்தாவை இவர் கட்டுவார், ஆலயத்துக்கு அவன் வர மாட்டான். அப்படி ஏழு வருடம். எதிரே இருந்த சலூன் நாற்காலியிலிருந்து அப்படியே கிளப்பியிருந்தார். ஒரு கன்னம் மழித்திருந்தது. மறு கன்னத்தில் நுரை.

"பதிவேட்டுல இருக்கான். எண்ணிக்குங்க" என்றார் வெல்டிங்காரர். "எங்கப்பா அங்கேயே இருப்பாரு."

டைம்கீப்பர் எண்ணினார். கூட்டம் கூடியது.

மூன்று வருடக் கணக்கு ஒன்பது நிமிடத்தில் நிறைவேறியது. அத்தனை பக்கத்தையும் ராப்பகலாக எழுதியவரிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, மைக் ரிப்பேருக்கு ஏன் இவ்வளவு என்பது. பதில் சொன்னார். பிறகு புதிய பொருளாளருக்குப் பெயர் கொடுக்கலாம் என்றார் பாஸ்டர். கூடம் முழுக்கக் குனிந்த தலைகள்.  இதற்குத்தானா இத்தனை பாடு என்று டைம்கீப்பர் கைகளை மேசைக்கடியில் பிசைந்துகொண்டார்.

"வெல்டிங்காரர் பேரைச் சொல்றேன்" என்றார் டீச்சர்.

"எனக்குக் கணக்கே வராது டீச்சர்."

"கணக்கை நான் பாத்துக்கறேன். ரெஜிஸ்டர் உங்ககிட்ட இருக்கட்டும். அப்புறம் உங்கப்பா பேருக்குக் கோடு போடணும்னா நீங்கதான் போடணும். போடுவீங்களா மாட்டீங்களான்னு நான் கேக்க மாட்டேன்."

வெல்டிங்காரர் யோசித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் முதல் கை தூக்கியது நுரைக் கன்னத்துத் தம்பி. சலூன் துண்டு இன்னும் தன் கழுத்திலேயே இருப்பதாகவும், சீக்கிரம் முடிக்கும்படியும் சொன்னான். கூடம் சிரித்தது, கைகள் உயர்ந்தன.

திங்கட்கிழமை வங்கியில் கையெழுத்தை மாற்றிக் கொடுத்துவிட்டு, பீரோ சாவியை ஒப்படைக்க டைம்கீப்பர் ஆலய அலுவலகத்துக்கு வந்தார். வெல்டிங்காரர் ரசீதுப் புத்தகத்தை ஏதோ வெடிக்கும் பொருள்போலத் தள்ளிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டைம்கீப்பர் பையிலிருந்து அடுத்த வருடச் சந்தாவை எடுத்தார். கை பழக்கத்தில் இரண்டு பேருக்கு எடுத்துவிட்டது.

வெல்டிங்காரர் எண்ணிப் பார்த்துப் பாதியைத் திருப்பி நகர்த்தினார். "அந்த நோட்டுக்குச் சந்தா கிடையாது. அட்டையில நீங்கதான் எழுதி வச்சிருக்கீங்க."

"உங்கப்பாவுக்கு மட்டும் உண்டாக்கும்."

"அவரு இன்னும் காலி பண்ணலையே."

டைம்கீப்பருக்குச் சுருக்கென்றது.  மேசையில் கிடந்த மீதிப் பணத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தன் ரசீதை வாங்கிப் பார்த்தார்.

"தேதி போடலை."

"போட்டுக்கறேன்."

"மொத வேலையே தேதிதான் தம்பி. நாளைக்கு எவனாவது கேட்டா..."

"நான் பாத்துக்கறேன் பெரியவரே" என்று வெல்டிங்காரர் ரசீதை வாங்கித் தேதியை எழுதி, ஊதிக் காயவைத்து நீட்டினார். "கிளம்புங்க. நேரமாச்சு."