கொக்கை ஒளித்து வைத்தோம்

என் கணவர் என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், ஓட்டல் துணிகளை வெளுக்கும் ஆலையில் மேற்பார்வையாளர் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். பேஸ்பால் அணி ஒன்றுக்கு மேலாளர் என்றும் சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்குப் பதில் சொல்லி மாளாது. அந்த அணியில் ஒருவருக்கும் உடம்பு கிடையாது. எல்லாரும் கம்ப்யூட்டர் உண்டாக்கிய ஆட்கள். இவரும் வாழ்நாளில் ஒரு மட்டையைத் தொட்டதில்லை.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இருபத்து நான்கு பேர் இணையத்தில் ஒரு லீக் நடத்தினார்கள். பன்னிரண்டு மேல் அணிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கீழ் அணி. யார் எறிவது, யார் அடிப்பது, யாருக்கு ஓய்வு என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். செவ்வாயும் சனியும் மாலை ஏழு மணிக்குக் கம்ப்யூட்டர் ஆடும். இவர்கள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். என் கணவரிடம் இருந்தது ஒரு கீழ் அணி. ஆறு வருடமாக.

எங்கள் மேல் அணியை வைத்திருந்தவர் ஒரு பல் டாக்டர். அதைத் தவிர அவரைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆட்கள் எல்லாம் அவருடைய சொத்து. வளர்த்துக் கொடுப்பதுதான் இவர் வேலை. ஒரு பையன் பந்தை ஒழுங்காக அடிக்கத் தொடங்கிய மறுநாளே 'மேலே அனுப்பவும்' என்று இரண்டு வார்த்தை வந்துவிடும். போனவன் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து துருப்பிடிப்பான். பதிலுக்கு, முப்பத்தாறு வயதில் தோள்பட்டை போன ஒருவனைக் கீழே தள்ளிவிடுவார்.

"மனுஷன் பல்லைப் பிடுங்குற மாதிரி ஆளைப் பிடுங்குறான்" என்று இவர் பொருமுவார்.

"அவராவது மரத்துப்போக ஊசி போட்டுட்டுப் பிடுங்குவாரு" என்பேன் நான். சிரிக்க மாட்டார்.

ஆலையிலும் இதே கதைதான். இவர் வேலை பழக்கிவிட்ட மூன்று பேர் இன்று தலைமை அலுவலகத்தில் ஏசியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர் இன்னும் அந்த ராட்சத இஸ்திரி உருளைக்குப் பக்கத்தில் வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார். அதைக் கேட்டால் "விடு, விடு" என்பார். பேஸ்பாலைக் கேட்டால் மட்டும் குரல் கம்மிவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கொக்கு வந்தான். அவன் பிட்சர், அதாவது பந்தெறிபவன். கம்ப்யூட்டர் வரைந்த படத்தில் கழுத்து அவ்வளவு நீளம். நான்தான் அந்தப் பெயரை வைத்தேன். வயது பத்தொன்பது. வேகம் இருந்தது, குறி இல்லை. இவர் அவனைத் துளித்துளியாகத் தேற்றினார். வருடத்துக்கு ஒரு புதுவகைப் பந்து, அதற்கு மேல் பழக்கவில்லை. "நம்ம பொண்ணு பரீட்சைக்குக்கூட நீங்க இப்படி உட்கார்ந்ததில்லையே" என்று திட்டியிருக்கிறேன். ஆனால் கொக்கு ஆடும் நாளில் அடுப்பை அணைத்துவிட்டு நானும் வந்து பார்ப்பேன், அதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த வருடம் மேல் அணி மேலாளர் ஒருவர் லீக்கை விட்டு விலகுவதாக அறிவித்தார். கீழ் அணிகளின் கோப்பையை யார் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்கு அந்த இடம். இவர் அந்த அறிவிப்பை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்.

"கொக்கு கடைசி வரைக்கும் என்கிட்ட இருந்தா கோப்பை நமக்குத்தான். ஆனா டாக்டர் கண்ணுல பட்டான்னா அடுத்த வாரமே போயிடுவான்."

நான் காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அப்ப கண்ணுல படாமப் பண்ணுங்க" என்றேன்.

"அது எப்படி?"

"அவரு என்ன ஆட்டத்தையா பார்க்குறாரு? நீங்க அனுப்புற அறிக்கையையும் நம்பரையும்தானே பார்க்குறாரு? நம்பரைக் கெடுங்க. களைச்சுப்போன அன்னைக்குப் பார்த்து எறிய விடுங்க."

"தப்பில்லையா அது?"

"ஆறு வருஷமா உங்க ஆளைத் தூக்கிட்டுப் போறாரே, அது தப்பில்லையா?"

இரண்டு நாள் யோசித்தார். பிறகு செய்தார். கொக்குக்கு ஓய்வே கொடுக்காமல், பலமான அணிகளாகப் பார்த்து இறக்கிவிட்டார். பையனை வெளுத்து வாங்கினார்கள். ஒவ்வொரு அடிக்கும் இவர் முகம் சுருங்கும். வாராவாரம் அறிக்கையில் எழுதினார்: 'கட்டுப்பாடு இல்லை. பக்குவம் வரவில்லை.' எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டர் பக்கமே போக மாட்டார்.

கொக்கின் உதவி இல்லாமலே அணி தட்டுத்தடுமாறி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை ஒரே ஆட்டம். அதற்காகக் கொக்குக்குப் பத்து நாள் முழு ஓய்வு கொடுத்து வைத்திருந்தார்.

வியாழக்கிழமை மாலை "ஐயோ" என்று சத்தம் கேட்டது. 'மேலே அனுப்பவும்' வந்துவிட்டதோ என்று ஈரக் கையோடு ஓடினேன். அது வரவில்லை. வருடக் கடைசியில் ஒவ்வொரு மேல் அணியும் இரண்டு பேரைக் கழித்துக்கட்ட வேண்டுமாம். டாக்டர் கழித்ததில் ஒருவன் கொக்கு. கீழே ஒரு குறிப்பு: 'உங்கள் அறிக்கைகளைப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன். இவனோடு நீங்கள் பட்ட பாட்டுக்கு நன்றி.'

நான் டாக்டரைத் திட்டினேன். வாய்க்கு வந்தபடி, மூச்சு வாங்கும்வரை திட்டினேன்.  திட்டி முடித்த பிறகுதான் அந்த யோசனை யாருடையது என்பது எனக்கு உறைத்தது. 

கழித்த ஆளை, கழித்தவரின் மேல் கீழ் அணிகளைத் தவிர, வேறு எந்த அணியும் எடுத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை, இறுதி ஆட்டத்தில் எங்களோடு மோதவிருந்த எதிரணிக்காரர் எடுத்துக்கொண்டார். அவர் அறிக்கை எதுவும் படிக்கவில்லை, பந்தின் வேகத்தைப் பார்த்தார். பத்து நாள் ஓய்வெடுத்த ஆள் என்பதையும் பார்த்தார்.

சனிக்கிழமை ஏழு மணிக்குக் கொக்கு எங்களுக்கு எதிராக எறிந்தான். எங்கள் பையன்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, மட்டையைக் காற்றில் சுழற்றிவிட்டுத் திரும்பினார்கள்.

"பாரேன், இந்தப் பந்து" என்றார் இவர், திரையைக் காட்டி. "போன வருஷம் முழுக்க இதைத்தான் பழக்குனேன். எவ்வளவு சுத்தமா எறியறான் பாரு."

என்னால் பார்க்க முடியவில்லை. மூன்றுக்குச் சுழியம். தோற்றோம்.

அரைமணி நேரத்தில் டாக்டரிடமிருந்து செய்தி வந்தது. 'இப்படிப்பட்ட ஒருவனை மூன்று வருடம் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்களால் கணிக்க முடியவில்லையே. அடுத்த பருவத்துக்குக் கீழ் அணிக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்.'

"உண்மையைச் சொல்லுங்க. அவன் எப்பேர்ப்பட்டவன்னு உங்களுக்குத்தானே முதல்ல தெரியும்? நம்பரைக் கெடுக்கச் சொன்னது உங்க பொண்டாட்டிதான்னு எழுதுங்க" என்றேன்.

நெடுநேரம் எதையோ தட்டினார். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 'மன்னிக்கவும், என் கணிப்புத் தவறிவிட்டது' என்று மட்டும் எழுதி அனுப்பினார். ஏமாற்றுக்காரன் என்பதைவிட விவரம் கெட்டவன் என்பது அவருக்குப் பரவாயில்லை போலிருக்கிறது. யோசனை என்னுடையது என்று அவர் அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றுவரை சொன்னதில்லை. ஒருதடவை சொல்லித் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கம்ப்யூட்டரை மூடிவிட்டு வந்து, என் எதிரில் உட்கார்ந்து துணி மடிக்கத் தொடங்கினார். ஆலைப் பழக்கம், ஓரத்தோடு ஓரம் சரியாகச் சேரும்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கயாவது போகணும்னு சொல்லிட்டே இருப்பியே" என்றார். "போலாம். இனிமே நான் சும்மாதான் இருப்பேன்."

ஆறு வருடமாக நான் கேட்டுச் சண்டை போட்டது அது. எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை.